"கிளச் போயிருச்சு" என்றால் என்ன போச்சு?

"பாஸ், கிளச் போயிருச்சு." தோட்டத்துப் பக்கம் பைக் ஓட்டுற யாரும் வாழ்க்கையில ஒரு தடவையாவது சொல்லியிருப்பாங்க. பசறையில சொன்னாலும் சரி, ஹாலிஎலயில சொன்னாலும் சரி, மறுமொழி அநேகமாக ஒன்றுதான்: "பிளேட் செட் மாத்தணும் தம்பி." கேபிளைத் தொட்டுப் பார்க்க முன்னாடி, உள்ளே என்ன ஒயில் ஓடுது என்று கேட்க முன்னாடி, விலை சொல்லியாச்சு.

பாஸ்மார் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. நாங்க சொன்ன வசனத்திலேயே கோளாறு இருக்கு. டொக்டரிடம் போய் "உடம்பு போயிருச்சு" என்றா சொல்றோம்? தலையா, வயிறா, எப்போ இருந்து, சாப்பிட்ட பிறகா முன்னமா என்று சொல்றோம் இல்லையா. கிளச்சுக்கு மட்டும் ஏன் ஒரே வார்த்தை?

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு எஞ்சின் கதை என்று சிலர் கேட்பாங்க. வார்த்தை பிசகினால் அர்த்தம் பிசகும் என்று மூணு வருஷமா படிக்கிறது நாங்கதான். இங்க வார்த்தை பிசகினால் காசும் போகும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. பிளேட், ஸ்பிரிங், கேஸ்கட், ஒயில், கூலி என்று ஒரு கிளச் வேலை முடியும்போது வீட்டில் யாரோ ஒருத்தர் பல நாள் மலையேறிக் கொழுந்து எடுத்த காசு முடிஞ்சிருக்கும். அந்த வேலை தேவைப்படாத ஒன்றாக இருந்தால்?

கொழும்பில் 'ஒஃப் ரோட்' என்றால் ஒரு பொழுதுபோக்கு. சனி ஞாயிறில் சப்பாத்து, கையுறை, தலைக்கவசத்தில் கெமரா எல்லாம் மாட்டிக்கொண்டு சேற்றைத் தேடிப் போவாங்க. எங்களுக்கு அது வீட்டுக்குப் போற வழி. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல, பூனாகலை, கொஸ்லந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் மெயின் ரோட்டை விட்டு டிவிஷன் பாதைக்குள் இறங்கியதும் தார் முடிஞ்சிடும். கழன்ற சல்லி, நடுவில் மழைத்தண்ணி அரிச்ச வாய்க்கால், கொழுந்து லொறி பதிச்ச இரட்டைத் தடம், அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவு. பதுளை டவுன் சுமார் 680 மீட்டர் உயரத்தில் கிடக்குது, ஹப்புத்தளை 1,400 மீட்டரைத் தாண்டி நிற்குது. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குறது எங்க பைக்.

ட்ரெயில் பைக் என்றாலே முந்தி துரைமார் வாகனம்தான். ஹொண்டா எக்ஸ்.எல், யமஹா டி.டி. பெரியதுரையோ சின்னதுரையோ அதில் மலை சுத்தி வரும் சத்தம் தூரத்தில் கேட்டாலே கங்காணி குரலை உயர்த்துவார். இப்போ அதே பைக் மூணாம் கை, நாலாம் கை மாறி எங்க அண்ணன்மார் கையில் ஓடுது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய பைக்கின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். எங்க வயசைவிடக் கூட வயசான எக்ஸ்.எல் ஒன்று இன்னும் மரக்கறி மூட்டை சுமக்குது. ட்ரெயில் வாங்க வசதியில்லாதவங்க 100 சிசி பைக்கை அதே பாதையில் அதே வேலைக்கு விடுறாங்க. அதனால் இங்க எந்த பைக்கும் ஒஃப் ரோட் பைக்தான், வாங்கின கடையில் அதற்கு என்ன பேர் சொல்லியிருந்தாலும்.

சரி, கிளச்சுக்கு வருவோம். எஞ்சினின் வலப்பக்க மூடிக்குள்ளே ஒரு கூடை. அதுக்குள்ளே ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கின பிளேட்டுகள். ஒரு வகை, முகத்தில் கரடான நார்ப்பொருள் ஒட்டியது. மற்றது வெறும் இரும்பு. கரடு பிளேட் எஞ்சினோடு சுத்தும், இரும்பு பிளேட் கியர்பெட்டியோடு சுத்தும். ஸ்பிரிங்குகள் இரண்டையும் அமுக்கிப் பிடிச்சால் எஞ்சின் பலம் சக்கரத்துக்குப் போகும். லீவரை இழுத்தால் கேபிள் வழியாக அந்த அமுக்கத்தைத் தூக்கிவிடுறோம், பிளேட்டுகள் தனித்தனியா நழுவும். இது எல்லாமே ஒயிலில் நனைஞ்சபடி நடக்குது. தோசைக்கல்லில் அடுக்கின ரொட்டி மாதிரி என்று ஒரு பாஸ் சொன்னார். எங்களுக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கல்ல.

இந்த அமைப்புக்கு வருத்தம் ரெண்டு. ஒன்று வழுக்குறது, மற்றது ஒட்டுறது. அமுக்க வேண்டிய நேரம் அமுக்காமல் விட்டால் வழுக்கல். விட வேண்டிய நேரம் விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தால் ஒட்டல். ரெண்டும் நேர் எதிர். ஆனால் எங்க பேச்சில் ரெண்டுக்கும் "கிளச் புடிக்குது இல்ல" என்ற ஒரே வசனம்தான்! கியர் விழல்ல என்று வந்தவரும், ஏத்தத்தில் இழுக்குது இல்ல என்று வந்தவரும் அதையேதான் சொல்றாங்க. கூட்டம் நிறைஞ்ச கராஜில் பாஸ் பிரிச்சுக் கேட்க நேரமில்லாமல் மூடியைக் கழற்றிவிட்டால் அது யாருடைய பிழை?

வழுக்கலைக் கண்டுபிடிக்க ஏத்தமே போதும். மூணாம் கியரிலோ நாலாம் கியரிலோ போய்க்கொண்டிருக்கும்போது எக்ஸலேட்டரை நல்லாத் திறங்க. சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் இருந்தால் வழுக்குது. முதல் கியரில் இது அவ்வளவாகத் தெரியாது, மேல் கியரில்தான் கிளச்சின் மேல பாரம் கூட. ஒட்டலுக்கு வேறு அடையாளம். லீவரை முழுசா இழுத்தும் முதல் கியர் போடும்போது பைக் முன்னே பாயும், இல்லாட்டி எஞ்சின் நின்னுபோகும். நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காமல் கால் அலையும்.

ஒட்டல் என்றதும் பயப்படவும் தேவையில்லை. விடியக்காலையில் பிரட்டுக்குப் போகும் நேரம் பண்டாரவளைக் குளிரில் ஒயில் பாகு மாதிரித் தடிச்சிருக்கும், பிளேட்டுகள் ஒன்றோடொன்று பசை போட்ட மாதிரி நிற்கும். ஸ்டார்ட் பண்ண முன்னாடி கியரில் போட்டு, லீவரை இழுத்துப் பிடிச்சு, பைக்கை நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளினால் விட்டுடும். சூடானதும் சரியாகிற ஒட்டலுக்காகக் காசு செலவழிக்கக் கூடாது என்பது எங்க கருத்து. சூடான பிறகும் ஒட்டினால்தான் யோசிக்கணும்.

அப்போ எங்கே இருந்து தொடங்குறது? கையில் இருந்து. லீவர் நுனியைப் பிடிச்சு மெதுவா ஆட்டிப் பாருங்க. கேபிள் இறுகத் தொடங்க முன்னாடி கொஞ்சம் சும்மா ஆடணும். பெரும்பாலான பைக்குகளுக்கு அந்த ஆட்டம் 10 இலிருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும். உங்க பைக்கின் புத்தகம் வேறு சொன்னால் புத்தகத்தைக் கேளுங்க. ஆட்டமே இல்லை என்றால் லீவரை விட்ட பிறகும் கேபிள் பிளேட்டைக் கொஞ்சம் தூக்கியே வைச்சிருக்குது, அதனால் வழுக்கும். ஆட்டம் கூடிப்போனால் முழுசா இழுத்தாலும் பிளேட் பிரியாது, அதனால் ஒட்டும். ரெண்டு வருத்தத்துக்கும் முதல் மருந்து லீவர் பக்கத்து திருகாணியில் இருக்கு. அது போதாவிட்டால் எஞ்சின் பக்கத்தில் இன்னொன்று. ஒரு ஸ்பேனர், அஞ்சு நிமிஷம், செலவு பூச்சியம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கு. கேபிள் நீண்டுபோனால் ஆட்டம் கூடும், பிளேட் தேய்ஞ்சால் ஆட்டம் குறையும். அடிக்கடி கேபிளைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டியிருக்கு என்றால் உள்ளே தேயுது என்று பைக் சொல்லுது. நேற்று வரைக்கும் சரியாக இருந்து இன்றைக்குத் திடீரென்று ஆட்டம் கூடியிருந்தால் லீவருக்கு உள்ளே கேபிள் முனையைப் பாருங்க. கம்பி இழை இழையா அறுந்துகொண்டிருக்கும். புதுக் கேபிளோடு முடியிற வேலை அது. ஹேண்டிலை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுசாத் திருப்பி, ஆட்டம் மாறுதா என்றும் பாருங்க. மாறினால் கேபிள் எங்கேயோ மடிஞ்சோ இறுகியோ போகுது. ஒக்டோபரில் தொடங்கிற மழைக்குப் பிறகு கேபிள் உறைக்குள்ளே சேறும் துருவும் ஏறி லீவர் கல்லு மாதிரி ஆகும். கை வலிக்குது, கிளச் போயிருச்சு என்று வருவாங்க. துடைச்சு ஒயில் விட்டால் பாதிப் பேருக்குச் சுகம்.

அடுத்தது ஒயில். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில். கார் ஒயில் நல்லது, விலை கூட, அதனால் பைக்குக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை எங்க பக்கம் பரவியிருக்கு. எரிபொருளை மிச்சப்படுத்த வழுக்கல் கூட்டும் மருந்து கலந்த கார் ஒயில்கள் இருக்கு. காருக்கு அது நல்லது, ஏனென்றால் காரின் கிளச் அநேகமா ஒயிலுக்கு வெளியே இருக்கு. எங்க கிளச் அதிலேயே குளிக்குது. போத்தலின் பின்பக்கத்தில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ.2' என்று இருக்கா என்று பாருங்க, நனைஞ்ச கிளச்சுக்கு ஏற்ற ஒயில் என்று ஜப்பான்காரன் வைச்ச அடையாளம் அது. 'எம்.பி' என்று இருந்தால் ஸ்கூட்டருக்கு விட்டுடுங்க. டி.டி மாதிரி ரெண்டு ஸ்ட்ரோக் பைக்கில் கதை வேற. பெற்றோலோடு எரியிற ரூ-டீ ஒயில் தனி, கிளச் நனையிற கியர் ஒயில் தனி. முதலாவதை ஊத்த யாரும் மறக்கிறதில்லை. ரெண்டாவதை வருஷக்கணக்கில் மறந்தவங்களை எங்களுக்குத் தெரியும்.

புதுசா ஒயில் மாத்தின பிறகுதான் வழுக்கத் தொடங்கியது என்றால், பிளேட்டைக் குறை சொல்ல முன்னாடி அந்த ஒயிலை மாத்துங்க. வடிச்ச ஒயிலை மூக்குக்குப் பக்கத்தில் பிடிச்சுப் பாருங்க. கருகின வாடை அடிச்சால் மட்டும் மூடியைக் கழற்றுற கதையைப் பேசலாம்.

கழற்றியே ஆகணும் என்றால் பக்கத்தில் நில்லுங்க. இதைச் சொன்னால் சில பாஸ்மாருக்குப் பிடிக்காது, ஆனாலும் நில்லுங்க. பழைய பிளேட்டை உங்க கையில் வாங்கிப் பாருங்க. கரடு பிளேட்டின் தடிப்பை வேர்னியரால் அளக்கச் சொல்லுங்க. எவ்வளவுக்குக் குறைஞ்சால் மாத்தணும் என்று ஒவ்வொரு பைக்குக்கும் அளவு இருக்கு. இரும்பு பிளேட் நீலம் பாய்ஞ்சிருந்தால் சூட்டில் வெந்திருக்கு. ஒரு கண்ணாடித் துண்டில் வைச்சால் வளைஞ்சிருக்கா என்று தெரியும். ஸ்பிரிங் சோர்ந்து நீளம் குறைஞ்சிருந்தால் புது பிளேட் போட்டும் வழுக்கும், அதனால் பிளேட்டோடு ஸ்பிரிங்கையும் பார்க்கணும். கூடையின் பற்களில் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. பிளேட் இடிச்சு இடிச்சுப் பள்ளம் விழுந்திருந்தால், சூடான பிறகும் விடாத ஒட்டலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கு. அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுப் புது பிளேட் போடுறது, ஓட்டை வாளிக்குப் புதுக் கைப்பிடி போட்ட மாதிரி. புது கரடு பிளேட்டைப் போட முன்னாடி நல்லா ஒயிலில் ஊற வைக்கணும். காய்ஞ்சபடி போட்டால் முதல் ஏத்தத்திலேயே கருகும்.

எங்க கூட்டில் ஸ்கூட்டியும் பைக்கும் ஓட்டுற பிள்ளைகள் இருக்காங்க. அவங்க கராஜில் பக்கத்தில் நின்று பார்த்தால் "தங்கச்சி, நீங்க அங்க கதிரையில இருங்க" என்று ஒரு உபசாரம் நடக்கும். கதிரை வேணாம், பழைய பிளேட்டைக் காட்டுங்க என்று சொல்லிப் பழகியாச்சு.

இனி நாங்க ஓட்டுற விதம். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் ரேஸைப் பார்த்துட்டு வந்த கிழமை தோட்டத்துப் பாதையெல்லாம் சத்தமாக இருக்கும். அங்கே ஓட்டுறவர் வளைவில் ரெண்டு விரலால் கிளச்சைத் தட்டி எஞ்சினை எழுப்புறது ஒரு நொடி வேலை. அந்த பைக்கின் பிளேட் அடிக்கடி மாத்துறதற்காகவே உள்ளது, மாத்த ஆளும் பக்கத்திலேயே நிற்குது. நாங்க அதைப் பார்த்துவிட்டு, பின்னால் ஒருத்தர், அவர் மடியில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் (இரும்போடு சேர்த்தால் அதைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு), ரெண்டாம் கியரில் பாதிக் கிளச் பிடிச்சபடி முழு ஏத்தத்தையும் ஏறுறோம். முதல் கியருக்கு இறங்கினால் மானம் போயிடுமாம். பாதி பிடிச்ச நேரம் முழுக்க பிளேட்டுகள் உரசிச் சூடேறுது. ஏத்தத்தில் நின்று கதைக்கும்போது பிரேக் பிடிக்காமல் கிளச்சால் பைக்கைத் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் அதைவிட மோசம். பாரம் ஏற்றுவதே தொழில் என்றால் முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் குறைச்சுப் போடலாம். டொப் வேகம் கொஞ்சம் குறையும், மடுல்சீமைப் பாதையில் அந்த வேகத்தை யார் கண்டது?

ஆனால் ஓட்டுறவங்களை மட்டும் குறை சொல்லி முடிக்க எங்களுக்கு மனம் வரல்ல. பாதிக் கிளச் இல்லாமல் ஏற முடியாத பாதையை யார் அப்படி விட்டு வைச்சது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள்ளே சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக நின்றது. நாங்க வாக்குப் போட்டு ஆளை அனுப்பலாம். அந்த ஆள் எங்க லயத்துப் பாதைக்கு சல்லி போட வழியில்லை. 1992இல் இருந்து நிர்வாகம் கம்பெனிகள் கையில். தோட்டத்தைக் கேட்டால் சபை என்பார்கள், சபையைக் கேட்டால் தோட்டம் என்பார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதற்குப் பிறகும் எங்க பக்கத்தில் பல டிவிஷன் பாதைகள் அதே வாய்க்கால்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தில் மலை சரிஞ்சபோது, இருந்த பாதையும் பல இடத்தில் போனது. லொறியும் வேனும் போக முடியாத இடத்துக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோக நம்பி நிற்கிறது இந்தப் பழைய பைக்குகளைத்தான். அந்த நேரத்தில் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு இறங்குறவரின் கிளச் வழுக்கினால் அது கராஜ் பிரச்சினை மட்டும் இல்லை. பிரதேச சபைக்கு மனு எழுதும்போது எங்க கிளச் பில்களின் போட்டோப் பிரதியையும் சேர்த்து அனுப்பலாம் என்று எங்களில் ஒருத்தர் சொன்னார். முதலில் சிரிச்சோம். இப்போ சேர்த்துக்கொண்டிருக்கோம்.

நடுவழியில் நடந்தால் என்ன செய்யிறது என்பதையும் சொல்லிவிடணும். கேபிள் அறுந்தால் பாதையைப் பொறுத்து முடிவெடுங்க. சமமான பாதை, தனி ஆள் என்றால் எஞ்சினை நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, தள்ளி ஓடவிட்டு, முதல் கியரைத் தட்டி ஏறலாம். அதன் பிறகு எக்ஸலேட்டரை ஒரு கணம் விட்டுக் கியர் மாத்தலாம். நிற்க முன்னாடி நியூட்ரலுக்கு வந்துடணும். ஏத்தத்திலோ பின்னால் ஆள் இருக்கும்போதோ இதைச் செய்யாதீங்க. நிறுத்திப் போட்டுட்டு நடந்து போறது மேல். வழுக்கினால் லீவர் பக்கத்துத் திருகாணியைத் தளர்த்திக் கொஞ்சம் ஆட்டம் கொடுத்துப் பாருங்க. பின்னால் இருக்கிறவரை இறக்கி ஏத்தத்தை நடக்கச் சொல்லுங்க, கீழ் கியரில் மெதுவா ஏறுங்க. அவர் திட்டுவார், பரவாயில்லை.

தூர ரேலி ஓட்டுறவங்க செய்யிற ஒரு வேலை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. புதுக் கேபிள் ஒன்றை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் கேபிளுக்குப் பக்கத்திலேயே அதே வழியில் விட்டு, ரெண்டு முனையிலும் டேப் சுத்தி வைச்சிடுவாங்க. அறுந்த அன்றைக்கு முனையை மட்டும் மாத்திக் கொழுவினால் போதும், இருட்டிலும் மழையிலும் பத்து நிமிஷத்தில் கிளம்பலாம். ஒரு கேபிளின் விலைதான் செலவு. லயத்துக்கு மேலே கடைசி மூணு கிலோமீட்டரில் கராஜும் இல்லை, போனுக்கு சிக்னலும் இல்லை.